குட்டி ஊனுண்ணிப் பைப்பாலூட்டிகள்: தீனியும் ரத்தமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைப்பாலூட்டி என்றால் கங்காருதானே? அதில் ஊனுண்ணி எங்கே வந்தது?

கங்காருவும் கோலாவும் புல், இலை கோஷ்டி. அதே ஆஸ்திரேலியாவில் இருட்டியதும் வேட்டைக்குக் கிளம்பும் இன்னொரு குடும்பம் உண்டு: டாஸ்யூரிட் குடும்பம். அதில் பெரியவர் டாஸ்மேனியன் டெவில். அவரைப் பற்றி எழுத ஆள் நிறைய இருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். இந்தப் பக்கம் அவருடைய சின்ன உறவுக்காரர்களுக்கு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு, பூனையைவிடச் சற்றுச் சிறிய குவால். சுண்டெலி அளவு டன்னார்ட். கிளையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஓடும் ஆன்டிகைனஸ். பாலைவனத்துக் கோவாரியும் முல்காராவும். எல்லாருக்கும் இளையவராகப் பிளானிகேல். நீளவால் பிளானிகேலின் எடை 4 முதல் 6 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை.

பார்த்தால் எலி மாதிரிதானே இருக்கிறது?

வாயைத் திறந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எலிக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு உளிப்பல். இவற்றுக்கு மேலே எட்டு, கீழே ஆறு என்று சிறுசிறு முன்பற்கள், பக்கத்தில் கோரைப்பல், உள்ளே வெட்டும் கடைவாய்ப்பற்கள். குடலும் எளிமையானது. முயலுக்கும் எலிக்கும் தாவரத்தை ஊறவைத்து நொதிக்க வைக்கும் குடல்பை உண்டு. டாஸ்யூரிட்களுக்கு அது கிடையவே கிடையாது. தின்றது சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தானியத்தையும் கிழங்கையும் கொடுத்து இவற்றைக் காப்பாற்ற முடியாததற்கு இதுதான் காரணம்.

காட்டில் என்னதான் தின்கின்றன?

கையில் சிக்கியதை. பூச்சிதான் பிரதானம். வண்டு, வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி, பூரான், அப்புறம் பல்லி, தவளை, சுண்டெலி, குஞ்சுப் பறவை. டாஸ்மேனியாவின் கிழக்குக் குவால் புல்வெளியில் மண்ணுக்கடியில் இருக்கும் புழுக்களைத் தோண்டித் தின்னும். மாடு மேய்ப்பவர்களுக்கு அந்தப் புழுக்கள் பெரிய தலைவலி, குவாலுக்கு அவைதான் சாப்பாடு. இடையிடையே செத்த விலங்கின் கறி, பழம், எலி, முயல் எல்லாம் உண்டு.

பிளானிகேலைத்தான் பார்க்க வேண்டும். தன் உடம்பளவு வெட்டுக்கிளியின் மேல் பாய்ந்து, அது உதைத்துத் தள்ளத் தள்ள, விடாமல் கடித்துக்கொண்டே இருக்கும். மஞ்சள்கால் ஆன்டிகைனஸ் சுண்டெலியைத் தின்னும் விதம் வேறு. எல்லாம் முடிந்தபின், சாக்ஸைக் கழற்றிப் போட்டதுபோல் உள்பக்கம் வெளியாகப் புரண்ட தோல் மட்டும் மிஞ்சும்.

இந்தப் பட்டியலில் எல்லாமே முழு உடம்பு என்பதைக் கவனியுங்கள். எலும்பு, ஈரல், குடல், மூளை, ரத்தம் எல்லாம் சேர்ந்துதான் உள்ளே போகிறது. கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் சாவி.

இவ்வளவு சின்ன உடம்புக்கு எவ்வளவு தீனி வேண்டும்?

உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடைக்குத் தக்க பசி ஏறும். ஆனாலும் பைப்பாலூட்டிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. சும்மா இருக்கும்போது அவை செலவழிக்கும் சக்தி, அதே எடையுள்ள மற்றப் பாலூட்டிகளைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. குளிரிலோ பஞ்சத்திலோ டன்னார்ட் இன்னொரு தந்திரமும் செய்யும்: சில மணி நேரம் உடம்பைக் குளிரவிட்டு, இதயத் துடிப்பைக் குறைத்து, மரத்துப்போய்க் கிடக்கும். மறுபடி சூடேறவும் சக்தி வேண்டுமே? வெளியே ஊர்ந்து வந்து வெயில் காயும். பாதிச் சூடு சூரியனிடமிருந்து இனாம். காப்பகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த நிலையில் டன்னார்டைக் கையில் எடுத்து, "ஐயோ, செத்துவிட்டது" என்று பதறுவது உண்டு.

தண்ணீர்?

பாலைவன இனங்களுக்குத் தனியாகத் தேவையில்லை. முல்காராவைக் குடிநீர் இல்லாமல் கறி மட்டும் கொடுத்து வைத்துப் பார்த்த ஆய்வு 1962-இல் வந்தது. கறியில் இருக்கும் ஈரமே அதற்குப் போதுமாக இருந்தது. புரதம் எரிந்தால் யூரியா குவியும்; அதை வெளியேற்ற நீர் வேண்டும். முல்காராவின் சிறுநீரகம் அந்த யூரியாவை மிகக் கெட்டியான சிறுநீராக்கிக் குறைந்த நீரில் வேலையை முடித்துவிடுகிறது. அதற்காகக் கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் வைக்காமல் விடாதீர்கள். காய்ந்த தீனி கொடுக்கும் இடத்தில் அந்த 'கறியின் ஈரம்' எங்கே இருக்கிறது?

ஊனுண்ணிதானே, நல்ல கோழிக்கறியாக வெட்டிப் போட்டால் போதாதா?

போதாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் சேதம் செய்த பதிலும் இதற்குத்தான். எலும்பில்லாத சதையில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு இருக்கும். முழு எலியிலோ கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுத் தூக்கலாகவே இருக்கும், ஏனென்றால் எலும்பும் சேர்ந்து வருகிறது.

வெறும் சதையே தின்னும் குவால் குட்டிக்கு என்ன ஆகிறது? ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. குறைந்தால் தசை இழுக்கும், இதயம் தடுமாறும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் ஊற்றுகின்றன. வெளியே பார்த்தால் குட்டி கொழுகொழுவென்று இருக்கும். ஒருநாள் தாவிக் குதிக்கும்போது கால் எலும்பு ஈர்க்குச்சி மாதிரி மடியும்.

இதில் ரத்தப் பரிசோதனை நம்மை ஏமாற்றும். கால்சியம் அளவு பெரும்பாலும் சரியாகவே காட்டும். காட்டத்தானே செய்யும்? எலும்பை அடகு வைத்துத்தானே அந்த அளவைப் பிடித்து வைத்திருக்கிறது! இங்கே எக்ஸ்ரேயும், "இவ்வளவு நாளாக என்ன கொடுத்தீர்கள்?" என்ற கேள்வியும்தான் உண்மையைச் சொல்லும். என்னைக் கேட்டால் அந்தக் கேள்விதான் முதல் பரிசோதனை.

சரி, பூச்சிக்கு மாறிவிடலாமா?

பூச்சிக்கு எலும்பு கிடையாது. அதன் கூடு கைட்டினால் ஆனது, கால்சியத்தால் அல்ல. பண்ணையில் வளர்த்த பாச்சையில் (கரப்பான் அல்ல, இரவில் கிரீச்சிடும் கிரிக்கெட் பூச்சி) பாஸ்பரஸ், கால்சியத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு இருக்கும். மாவுப்புழு அதைவிட மோசம், கொழுப்பும் அதிகம். அதனால் பாச்சைக்கு முதலில் ஓரிரு நாள் கால்சியம் கலந்த தீவனம் கொடுத்து அதன் வயிற்றை நிரப்புவார்கள். கொடுக்கும் நேரத்தில் கால்சியத் தூளில் உருட்டியும் போடுவார்கள். அரை மணி ஆனால் பாச்சை தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும், தூள் தரையில் கிடக்கும். ஆகவே, பசித்திருக்கும் நேரத்தில், உடனே தின்னும் அளவுக்கு மட்டும். கறுப்புப் படைவீரன் ஈயின் புழு ஒரு விதிவிலக்கு. அதில் இயல்பாகவே கால்சியம் நிறைய.

காப்பகங்களில் ஒரே தீனியை நம்புவதில்லை. பூச்சி, முழுச் சுண்டெலி, ஒருநாள் கோழிக்குஞ்சு, ஊனுண்ணிகளுக்கென்றே கலந்த தீவனம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

அரைத்த கறியோ மீனோ கொடுக்கலாமா?

இரண்டிலும் ஒரே வைட்டமின்தான் பறிபோகிறது: தயமின் என்கிற பி1. ஆஸ்திரேலியக் கடைகளில் செல்லப் பிராணிகளுக்கு விற்கும் சில அரைத்த கறிகளில் நிறம் மாறாமலிருக்க சல்ஃபர் டையாக்சைடு சேர்ப்பார்கள். அது தயமினை அழித்துவிடும். சில பச்சை மீன்களில் தயமினைச் சிதைக்கும் நொதியே இருக்கிறது. தள்ளாட்டம், தலை சாய்வு, வலிப்பு என்று ஆரம்பிக்கும். கறி சிவப்பாக இருப்பதைப் பார்த்து, புதிது என்று நம்பிவிடாதீர்கள்.

வால் தடித்திருந்தால் நல்லதுதானே?

கொழுப்புவால் டன்னார்டுக்கு வால்தான் சேமிப்புக் கணக்கு. இரை கிடைக்கும் காலத்தில் காரட் மாதிரி பருக்கும், பஞ்சத்தில் வற்றும். காப்பகத்தில் பஞ்சமே வருவதில்லை. வைப்பு உண்டு, எடுப்பு இல்லை. கொஞ்ச நாளில் கழுத்து மறைந்து, வயிறு தரையில் உரசும். வாலின் சுற்றளவையும் எடையையும் வாரம் ஒருமுறை குறித்து வைப்பது, எந்த ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. அதோடு, தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் மரப்பட்டைக்குள்ளும் சருகுக்குள்ளும் ஒளித்து வைத்துத் தேட விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

20 கிராம் பிராணியிடம் ரத்தம் எடுக்க முடியுமா?

முடியும், சில சொட்டுகள். 20 கிராம் டன்னார்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை மில்லி லிட்டர் அளவுதான். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. கணக்குப் போட்டால் 0.2 மி.லி., நான்கு சொட்டு. அதற்குள் சிவப்பணு எண்ணிக்கை, வெள்ளையணு வகைகள், சர்க்கரை, புரதம் எல்லாம் பார்த்தாக வேண்டும். ஆகவே முதல் சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துவிடுவார்கள். ஒரு நல்ல ரத்தப் பூச்சு, அனுபவசாலியின் கண்ணில், பாதி ஆய்வகத்துக்குச் சமம்.

முடிவைப் படிக்கும்போதும் சில பொறிகள் உண்டு. கையில் பிடித்துத் திணறவைத்து எடுத்தால் பயத்தில் சர்க்கரை எகிறும். அதனால்தான் பெரும்பாலும் மயக்க வாயு கொடுத்து எடுக்கிறார்கள். எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் மேசையில் விட்டால் அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துக் காட்டும். வயிறு நிறையக் கறி தின்ற பிராணிக்கு யூரியா கூடியிருப்பது சகஜம். மனிதனின் அளவை வைத்துக்கொண்டு சிறுநீரகம் போய்விட்டது என்று தீர்மானிக்கக் கூடாது.

கறி தின்னும் பிராணிக்கு ரத்தசோகை வருமா?

இரும்புச் சத்து போதாமல் வருவது அபூர்வம். முழு இரையில் இரும்பும் பி12-உம் தாராளம். வந்தால், ரத்தம் எங்கோ கசிகிறது அல்லது அழிகிறது என்று பொருள். உண்ணி, தெள்ளு, குடற்புழு, வயிற்றுப் புண், எலி மருந்து, வயதானதில் கட்டி என்று தேடிப் போக வேண்டும். காய்ந்துபோன உடம்பில் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். அப்போது சிவப்பணு விகிதம் சரியாகவே தெரியும். நீர் ஏற்றிய மறுநாள் பார்த்தால்தான் சோகை வெளியே வரும்.

பிறந்த குட்டியின் ரத்தம் வேறு மாதிரி என்கிறார்களே?

வேறு மாதிரிதான். டன்னார்டுக்குக் கர்ப்ப காலமே இரண்டு வாரத்துக்குள். பிறக்கும் குட்டி ஒரு அரிசி மணியின் எடைகூட இராது. மற்றப் பாலூட்டிகள் கருவறைக்குள் முடித்துக்கொள்ளும் காரியங்களை இது முலைக்காம்பில் தொங்கிக்கொண்டு செய்கிறது.

வளர்ந்த பாலூட்டியின் சிவப்பணுவில் உட்கரு இருக்காது. இந்தக் குட்டியின் ரத்தத்தில் ஓடுவது உட்கருவோடு கூடிய பெரிய சிவப்பணுக்கள், அவற்றுக்குள் கருப்பருவத்து ஹீமோகுளோபின். ரத்தம் ஊறும் இடமும் எலும்பு மஜ்ஜை அல்ல, ஈரல். நாள் போகப் போகத்தான் மஜ்ஜை பொறுப்பேற்கிறது.

நுரையீரல்கூடத் தயாராக இருப்பதில்லை. ஜூலியா கிரீக் டன்னார்டின் பச்சைக் குட்டி, பிறந்த புதிதில் ஏறக்குறைய எல்லா ஆக்சிஜனையும் தோல் வழியாகவே வாங்கிக்கொள்கிறது என்று 1999-இல் கண்டார்கள். மெல்லிய ஈரத் தோல், அடியில் ரத்த நாளம், பையின் வெதுவெதுப்பு. தவளை செய்யும் வேலையை ஒரு பாலூட்டி செய்கிறது!

இந்த அளவு ஈரலில் இரும்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறக்க முடியாது. ஆகவே அது தாய்ப்பாலில்தான் வர வேண்டும். பைப்பாலூட்டிகளின் பாலில் பசும்பாலைவிட இரும்பு மிக அதிகம். அநாதைக் குட்டிக்குப் பசும்பால் ஊற்றக் கூடாது என்பதற்கு லாக்டோஸ் மட்டும் காரணமல்ல. பால் கிடைப்பதும் எல்லாருக்கும் இல்லை. கிழக்குக் குவால் 30 குட்டிவரை ஈனும், முலைக்காம்பு ஆறுதான். முதலில் ஊர்ந்து வந்து பிடித்த ஆறு பேருக்கே வாழ்வு.

ஆண் ஆன்டிகைனஸ் ஒரே பருவத்தில் சாவது பட்டினியாலா?

பட்டினி என்று சொல்ல முடியாது. தன்னைத்தானே தின்று தீர்த்துக்கொள்கிறது என்றால் பொருந்தும்.

ஆண்களுக்கு ஆயுள் ஓராண்டுகூட முழுதாக இல்லை. குளிர்காலத்தின் கடைசியில் ஓரிரு வாரம், சில இனங்களில் மூன்று வாரம், இனச்சேர்க்கைக் காலம். ஒரு ஜோடி சேர்ந்தால் மணிக்கணக்கில். 12, 14 மணி நேரம்கூட நீளும். அந்தக் காலம் முடிந்ததும் அந்தக் காட்டில் ஓர் ஆண்கூட மிஞ்சாது.

ரத்தத்துக்குள் நடப்பது இது. கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் ஏறுகிறது. சாதாரணமாக ரத்தத்திலுள்ள ஒரு புரதம் அதைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும். டெஸ்டோஸ்டெரோன் உச்சத்தில் இருக்கும்போது அந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. கட்டில்லாத கார்டிசால் உடம்பெங்கும் ஓடுகிறது, போதும் என்று நிறுத்தும் பிரேக்கும் வேலை செய்வதில்லை. கார்டிசால் தசைப் புரதத்தை உடைத்துச் சர்க்கரையாக்கித் தருகிறது. இரை தேடப் போகாமலே ஓடவும் சண்டை போடவும் சேரவும் சக்தி கிடைக்கிறது. விலை என்ன? நோய் எதிர்ப்பு சரிகிறது. இரைப்பையிலும் குடலிலும் புண் வந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிகிறது. சிவப்பணுக்களுக்குள் பபீசியா ஒட்டுண்ணி பெருகுகிறது. சோகை பிடித்து, முடி உதிர்ந்து, எடை குறைந்து விழுகிறது.

இனச்சேர்க்கைக்கு முன்பே பிடித்துத் தனியாக வைத்த ஆண்கள் இரண்டு வருடத்துக்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன. ஆகவே கெடு எழுதியிருப்பது உடம்பில் அல்ல, அந்த இரண்டு வாரத்தில்.

இதற்கும் தீனிக்கும் என்ன தொடர்பு? 2013-இல் வந்த ஓர் ஆய்வு, எங்கே பூச்சி வரத்து பருவத்துக்குப் பருவம் கடிகாரம்போல் வருகிறதோ அங்கேதான் இந்த ஒட்டுமொத்தச் சாவு வழக்கமாகியிருக்கிறது என்று காட்டியது. குட்டிகள் பால் மறக்கும் நேரமும் பூச்சி பொங்கும் கோடையும் ஒன்றாக விழ வேண்டும். அதற்காகப் பெண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சேர்கின்றன, ஆண்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. பிணமும் வீண்போவதில்லை: இறந்த ஆன்டிகைனஸை இன்னொரு ஆன்டிகைனஸ் தின்பதைக் காட்டில் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

கரும்புத் தேரையைத் தின்று குவால்கள் அழிந்தனவாமே?

கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-இல் குயின்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட தேரை அது. வண்டு குறையவில்லை, தேரை பெருகியது. வடக்குக் குவாலுக்குத் தேரை என்றால் கொழுத்த தவளை. கடித்ததும் அதன் நஞ்சு இதயத் தசையிலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பை, அதாவது செல்லுக்குள்ளும் வெளியேயும் உப்புகளைத் தள்ளும் புரதத்தை, பூட்டிவிடும், குவால் அங்கேயே சாயும். தம் ஊர்த் தேரைகளோடு காலங்காலமாக வாழ்ந்த ஆசிய உடும்புகளில் அந்தப் பம்பு சற்று மாறியிருப்பதால் நஞ்சு ஒட்டுவதில்லை. நம் ஊர் உடும்பின் சொந்தங்களுக்கு இருக்கும் இந்தக் கவசம் ஆஸ்திரேலிய உடும்புகளுக்குக்கூட இல்லை.

2003-இல் 64 வடக்குக் குவால்களைத் தேரை எட்டாத இரண்டு தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது: குமட்டல் தரும் மருந்தைச் செத்த குட்டித் தேரையில் வைத்துக் குவாலுக்குக் கொடுப்பது. ஒருமுறை வயிறு புரட்டினால் அப்புறம் தேரை வாடையே ஆகாது. பயிற்சி பெற்றவை காட்டில் கூடுதல் காலம் பிழைத்தன.

இதற்கு நேரெதிர் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில். அங்குள்ள சில செடிகளிலேயே ஃப்ளூரோஅசிடேட் நஞ்சு உண்டு. அதைத் தின்ற இரையைத் தின்று பழகிய மேற்குக் குவாலுக்கு அதன்மேல் தாங்குதிறன் உண்டு. '1080' என்ற பெயரில் நரிக்கு வைப்பதும் அதே நஞ்சுதான்.

பூனைகளால் வரும் நோய்?

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் தொற்று. பூனையின் மலத்திலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து இரைக்கு, இரையிலிருந்து இவற்றுக்கு. காப்பகங்களில் சாவுகள் பதிவாகியிருக்கின்றன. டாஸ்மேனியக் கிழக்குக் குவால்களில் தொற்று பரவலாக இருந்தும், அவை குறைவதற்கு அதுதான் காரணம் என்று ஆய்வில் நிரூபணமாகவில்லை. காப்பகத்தில் கறியை உறையவைத்துக் கொடுப்பதும், தீவன அறைக்குள் பூனையை விடாததும் முக்கியம்.

எலிக்கு வைத்த மருந்து குவாலைக் கொல்லுமா?

கொல்லும், மெதுவாக. நம் உடம்பிலும் சரி, குவாலிலும் சரி, ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். ஈரல் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்தும். புரோடிஃபாகூம் போன்ற எலி மருந்துகள் அந்தப் புதுப்பிப்பை நிறுத்திவிடுகின்றன. மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் சோர்ந்து, பகலிலும் தடுமாறித் திரியும். குவாலுக்கு அதைவிடச் சுலபமான இரை உண்டா? ஈரலோடு முழுதாகத் தின்னும். முழு இரை நல்லது என்று மேலே அத்தனை முறை சொன்னேன், இங்கே அதுவே வினை. மருந்து ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். அடுத்த எலி, அதற்கடுத்த எலி என்று சேரும். செத்துக் கிடந்த குவால்களின் ஈரலைச் சோதித்தபோது இந்த மருந்துகள் பரவலாக அகப்பட்டிருக்கின்றன.

வெளுத்த ஈறு, காரணமில்லாத கன்றல், ஊசி குத்திய இடத்தில் நிற்காத ரத்தம் ஆகியவை அறிகுறிகள். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்த்து உறுதி செய்து, வைட்டமின் கே1-ஐ வாரக்கணக்கில் தொடர்வார்கள். இரண்டு நாளில் தேறிவிட்டதே என்று நிறுத்தினால், ஈரலில் மிச்சமிருக்கும் மருந்து மறுபடி வேலையைக் காட்டும்.

இவற்றை வீட்டில் வளர்க்கலாமா?

ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் சில இனங்களுக்கு உரிமம் உண்டு; மற்றபடி சட்டம் விடாது. மேலே படித்தபிறகும் ஆசை இருந்தால், முதலில் ஒரு மாதம் பாச்சை வளர்த்துப் பாருங்கள். அதன் சத்தமும் நாற்றமும் பழகினால் அப்புறம் யோசிக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். என் பூனை இவற்றில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. என்ன செய்வது?

காயம் தெரியாவிட்டாலும் சும்மா விட்டுவிடாதீர்கள். பூனைப் பல்லின் கிருமி ஓரிரு நாளில் ரத்தத்தில் ஏறிவிடும். காற்றோட்டமுள்ள மூடிய பெட்டி, உள்ளே ஒரு பழைய துணி, இருட்டு, வெதுவெதுப்பு, சத்தமில்லாத இடம். பால், ரொட்டி, வெறும் கறி எதுவும் வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கடிக்கும். உடனே அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ வனவிலங்கு மீட்புக் குழுவையோ அழையுங்கள். கிடந்த இடத்தைக் குறித்து வையுங்கள். குணமானதும் அதே இடத்தில்தான் விடுவார்கள்.